குரோம்பேட்டையில் வேகம் குறையும் பாட்டு

1

டிக்கெட் பரிசோதகர் என் இருக்கைப் பக்கம் குனிந்து, "உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கைகளும் ஜன்னலுக்குக் கீழே ரயிலின் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தன. சும்மா தட்டவில்லை. இடது உள்ளங்கையால் கனமாக ஒன்று, வலது கை விரல்களால் பொடிப்பொடியாக மூன்று. தாம்பரத்தில் ஏறி மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய் வந்த எவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டிக் காட்டுவான். கானா தாளம்.

ஆனால் இது பின்லாந்து. பாஸ்போர்ட் வேலையாக ஹெல்சிங்கிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் ரயிலில் யாரும் பேசுவதில்லை. தும்மல் வந்தால்கூட முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற முகம் எல்லோருக்கும். எதிரில் இருந்த அம்மையார் பின்னல் ஊசியை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறேன்" என்று சொல்லிக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வைத்த அந்த நிமிடத்தில்தான் யோசனை வந்தது.

அந்த வாரம் எங்கள் பேராசிரியர் வகுப்பில் எல்லோரையும் ஒரே ஓர் இசை வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார். இந்தியாவிலிருந்து வந்தவன் கர்நாடக சங்கீதம்தான் கொண்டுவருவான் என்று அவரும் நினைத்திருந்தார், நானும் நினைத்திருந்தேன். கர்நாடக சங்கீதத்தில் எனக்குத் தெரிந்தது, பக்கத்து வீட்டு மாமி காலையில் போடும் கேசட் மட்டும்தான். எனக்குத் தெரிந்த இசை என் தொடைக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது.

2

நான் படிக்கும் ஊரின் பெயர் தாம்பெரே. தாம்பரத்தில் பிறந்து தாம்பெரேவுக்கு வந்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அம்மா ஆரம்பத்தில் சர்ச்சில் யார் கேட்டாலும் ஊர் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். "அதான், தாம்பரத்துலதானே இருக்கான், ஏன் ஆராதனைக்கு வரல?" என்று கேட்டார்களாம். அதன் பிறகு அம்மா பொதுவாக "ஃபாரின்" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்பதிலும் அம்மாவுக்கு ஒரு பொதுவான கருத்துதான். பாட்டு ஆராய்ச்சி என்று தொலைபேசியில் சொன்னேன். அம்மா பள்ளிக்கூட டீச்சர், சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விஷயம் வேறாகிவிட்டது.

"பாஸ்டர் ஐயா உனக்காக ஸ்பெஷலா ஜெபம் பண்ணார்டா. கீர்த்தனை ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னு."

"கீர்த்தனைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா."

"பின்ன வேற எந்தப் பாட்ட ஆராய்ச்சி பண்ணுவ நீ?"

தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துவிட்டது. தீராமல் இருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகைப் பாட்டுகளை நிறையச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் கணினியிடம் கொடுத்தால் அது கேட்டுப் பார்த்து எண்களாகத் திருப்பித் தரும். தாளத்தின் வேகம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, பாட்டுக்கு நடுவே பேச்சு எவ்வளவு, ஆடத் தோன்றுமா, கேட்க மகிழ்ச்சியா சோகமா. ஒரு பாட்டுக்கு ஒரு வரிசை எண்கள். இப்படி நூறு பாட்டு சேர்ந்தால் அந்த இசையின் ஜாதகம் கையில் வந்துவிடும் என்பது எங்கள் துறையின் நம்பிக்கை. ஜாதகம் என்ற சொல்லை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

என் பக்கத்து மேஜைக்காரன் மிகா, உள்ளூர்ப் பையன், அவன் எடுத்துக்கொண்டது பின்லாந்து டேங்கோ. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் யாரோ வீட்டை விற்றுவிட்டு மழையில் நிற்பதுபோல இருக்கும். அதற்குத்தான் இவர்கள் கோடைக்காலத்தில் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள்.

3

போன கிறிஸ்துமஸ் லீவில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியோடு தாம்பரத்தில் இறங்கினேன். டில்லிதான் ஏற்பாடு. டில்லி என் கல்லூரித் தோழன், இப்போது சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறான். கல்லூரி நாளில், கூடை வியாபாரிகள் ஏறும் வெண்டர் பெட்டியில் அவன் பாடுவான், நான் சுவரைத் தட்டுவேன். நான் ஒரு நாளும் பாடியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அம்மா பக்கத்தில் நிற்கிற தொண்டை, திங்கட்கிழமை கானாவுக்குத் திறக்க மறுத்தது.

டில்லி தன் வேன் வேலைக்கு நடுவே என்னோடு ரயிலேறி, இப்போது படிக்கும் பையன்களிடம் அறிமுகம் செய்தான். "டேய், இவரு நம்ம ஜோயல். ஃபாரின்ல கானா படிக்கிறாரு."

"கானாவ படிக்கிறாரா? அதுக்கு அரியர்ஸ் உண்டா அண்ணா?" என்றான் ஒருவன்.

பாடியவர்கள் எல்லோரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஆடிக்கொண்டே ஓடுகிற ரயிலில், கொய்யாக் கூடைக்கும் மீன் கூடைக்கும் நடுவே, ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதத்தை ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். மீன் கூடைக்காரம்மா, கோவளம் பக்கம், நான் நீட்டும் முன்பே வாங்கிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, லோனா?"

"இல்லக்கா, பாட்டுக்கு."

"பாட்டுக்குக் கையெயுத்தா? நாங்கூட பாடுவேன், எங்க போடணும் சொல்லு."

போட்டார். பாடவும் பாடினார். எங்கள் தொகுப்பில் ஒரே பெண் குரல் அவருடையதுதான்.

திரும்பி வந்ததும் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். பதிவு நடந்த இடம் என்ற கட்டத்தில் 'மின்சார ரயில், வெண்டர் பெட்டி' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெட்டியின் உரிமையாளரிடம் அனுமதிக் கடிதம் பெற்றீர்களா? யோசித்துப் பார்த்தால் அந்தப் பெட்டியின் உரிமையாளர் இந்திய அரசாங்கம். அவரோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை என்று பணிவாகப் பதில் எழுதினேன். 'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கோப்பை மூடிவிட்டார்கள்.

4

இன்னொரு அலுவலகம் அவ்வளவு சுலபமாக மூடவில்லை. ஜூனோடு என் உதவித்தொகை முடிகிறது. அதன் பிறகும் இந்த நாட்டில் இருக்க வேண்டுமென்றால் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர் கோடைக்கு ஒரே ஒருவரைத்தான் எடுப்பார். யாருடைய தொகுப்பு நம்பத்தகுந்ததோ அவரை. இல்லாவிட்டால் சிறுசேரியில் அம்மாவின் பெரியப்பா மகன் எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார். நல்ல நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வங்கிக் கணக்குகளைத்தான் எண்ணலாம், பாட்டை எண்ண முடியாது. டில்லியின் வேனிலேயே நான் வேலைக்குப் போவேன் என்பது மட்டும் அதில் லாபம்.

இந்த நிலைமையை, வெளிநாட்டவருக்குத் தங்கும் அனுமதி தரும் அலுவலகத்து அம்மாவிடம் அவர்கள் மொழியிலேயே விளக்கி நல்ல பெயர் வாங்கலாம் என்று ஆசைப்பட்டேன். 'நாளை பேராசிரியரைச் சந்திக்கிறேன்' என்று நாலு நாள் மனப்பாடம் செய்து சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் ஒரு நெடிலைக் குறிலாக்கியதில் சந்திப்பு கொலையாகிவிட்டதாம். நாளை பேராசிரியரைக் கொல்கிறேன் என்று அரசாங்க அலுவலகத்தில் அறிவித்திருக்கிறேன். குறில் நெடில் சொல்லிக்கொடுத்த என் தமிழாசிரியர் கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார். அந்த அம்மா நல்லவர், ஆங்கிலத்தில் பேசலாம் என்று சொல்லிவிட்டார். கடிதம் இல்லாமல் வராதீர்கள் என்பதையும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

5

எண்கள் வந்தன. எங்கள் தொகுப்பிலேயே மிக மிக மகிழ்ச்சியான பாட்டு எது என்று கணினியைக் கேட்டேன். அது எடுத்துக் கொடுத்தது டில்லி பாடியது.

லக்கேஜு இல்லாம போறியே மாமா
டிக்கெட்டு வாங்காம போறியே மாமா
இட்டுனு போறவன் நாலு பேரு
எறங்கற ஸ்டேஷன் சொன்னியா மாமா

டில்லியின் தாய்மாமா வெண்டர் பெட்டியில் கொய்யாப்பழம் விற்றவர். காலிக் கூடையைக் கவிழ்த்து எங்களுக்குத் தட்டக் கொடுப்பார். அவர் இறந்தபோது ஊர்வலத்தின் முன்னால் டில்லி கட்டிப் பாடிய பாட்டு இது.

இங்கே சுமதி அக்கா குடும்பம் ஒன்றுதான் எனக்குச் சாப்பாட்டுத் துணை. கோவிலம்பாக்கத்தில் பிளாட் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, ஒருநாள் போய்க் குடியிருப்போம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் வீட்டில் இந்தப் பாட்டைப் போட்டேன். அவர்களுடைய மகள் நிலா, தமிழில் கேட்டால் பாதி நேரம் பின்னிஷில் பதில் சொல்லும் ஆறு வயது, பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் குதித்து ஆட ஆரம்பித்தாள்.

"ஐயய்யோ, நிறுத்துடி! அது சாவுக்குப் பாடறது!" என்று அக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"சாவுன்னா?" என்று ஆடிக்கொண்டே கேட்டாள் நிலா. அந்தச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். சொல் தெரியாததற்குக் கவலைப்படுவதா, நிம்மதியாக இருப்பதா என்று அவருக்கே புரியவில்லை. "நீயே சொல்லு ஜோயல், நான் சாம்பார் பாக்கணும்" என்று உள்ளே போய்விட்டார். நான் சொல்லவில்லை. சேர்ந்து தட்டினேன்.

டில்லியிடம் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"மிஷினு கரெக்டாதான் சொல்லிக்கீது மச்சான்" என்றான். "அயுதுகினே அனுப்சா மாமா பாதி வயில எறங்கித் திரும்பி வந்துருவாரு. ஜாலியா அனுப்பணும்."

6

பிரச்சினை சோகத்தில் வரவில்லை, வேகத்தில் வந்தது.

பாட்டின் தாள வேகம் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று கணினி ஒரு கோடு போட்டுக் காட்டும். மிகாவின் டேங்கோவுக்கு அந்தக் கோடு ஏரித் தண்ணீர்போலச் சமமாக இருக்கும். என்னுடைய கோடுகளோ மெதுவாக ஏறி, கொஞ்ச தூரம் நேராகப் போய், இறங்கி, மறுபடி ஏறின. தாம்பரத்தில் கிளம்பும்போதே பதிந்த நாலைந்து பாட்டுகளின் கோட்டை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே இடங்களில் இறங்கின. இறங்கும் இடத்திலெல்லாம் பேச்சு என்ற எண் மட்டும் எகிறியது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: "சானடோரியம். குரோம்பேட்டை. பல்லாவரம்."

ரயில் கிளம்பும்போது பாட்டு கிளம்புகிறது, ரயில் வேகமெடுக்கும்போது தானும் எடுக்கிறது. ஸ்டேஷனில் நிற்கும்போது பாடுகிறவன் பாட்டை விட்டுவிட்டு, ஏறுகிறவர்களைக் கிண்டல் செய்கிறான். "வாங்க சார், உங்களுக்காகத்தான் வண்டிய நிறுத்தி வெச்சிக்கீறோம்!" அதைத்தான் கணினி பேச்சு என்று எண்ணியிருக்கிறது. மூன்று வருடம் சுவரைத் தட்டியிருக்கிறேன், என் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

துள்ளிக் குதித்துக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கோடுகளைப் பார்த்தார். அவசரமே இல்லாத மனிதர், நல்லவர். பிறகு கேட்டார்: "நீ அளந்தது பாட்டையா, ரயிலையா?"

"பாட்டைத்தான்."

"தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தட்டும் ஓசை பதிவில் இருக்கிறது. கணினி அதைக் கைத்தாளம் என்று நினைத்திருக்கலாம். பாடுகிறவர்கள் வேகம் மாறவே இல்லாமல், ரயிலின் வேகம் மட்டும் மாறியிருக்கலாம். சத்தமில்லாத இடத்தில் பதிவு செய்து வா."

அவர் சொன்னது நியாயமாக இருந்தது.

7

டில்லியைப் பிடித்தேன். மேடவாக்கம் பக்கம் ஒரு ரெக்கார்டிங் அறை ஏற்பாடு செய்தான். பையன்களைத் தன் வேனிலேயே ஏற்றிப்போனான். பதிவு முடிந்த அன்றே தாம்பரம் பிரௌசிங் சென்டரிலிருந்து பேசினான்.

"மச்சான், அந்த ரூமுல செவுரெல்லாம் மெத்த மாட்டி வெச்சிக்கீறான். தட்டுனா சத்தமே வர்ல. பாடறதா, படுத்துத் தூங்கறதா?"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, பசங்க எல்லாம் வெள்ள சட்ட போட்டுனு வந்துட்டானுங்க, ஃபாரினுக்குப் போற பாட்டாச்சேன்னு. மைக்க பாத்ததும் கைய கட்டிக்கினு நிக்கறானுங்க. காலைல ஸ்கூல்ல பிரேயர் பாடுவோம்ல, அதே கணக்கு."

குறுந்தகடு வந்து சேர்ந்தது. போட்டுக் கேட்டேன். ஒரு பையன் பாட்டு ஆரம்பிக்கும் முன் "வணக்கம்" என்று சொல்கிறான். டில்லியின் மாமா பாட்டு, இழுத்து இழுத்து, மாமா உண்மையிலேயே செத்துவிட்டதுபோல இருந்தது. சத்தம் சுத்தம். ஒரு சக்கரம் இல்லை, ஒரு ஸ்டேஷன் இல்லை. கணினியில் கொடுத்ததும் மிகா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். புதிய பாட்டுகள் எல்லாம் திரையில் அவனுடைய பாட்டுகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருந்தன.

"வாழ்த்துக்கள்" என்றான். "உங்கள் ஊரிலும் டேங்கோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாது."

பேராசிரியருக்குத் திருப்தி. கோடு சமமாக இருக்கிறது, இதையே சமர்ப்பித்தால் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில் தடையில்லை என்றார். நான் நேராகப் போய் டில்லிக்குப் போன் செய்தேன், நல்ல செய்திதானே.

"எத குடுக்கப் போற? மெத்த ரூமு பாட்டா?"

"ஆமா. அது ஓகே ஆயிடுச்சு. நான் இங்கயே இருக்கலாம்டா."

"இரு மச்சான், நல்லா இரு. ஆனா எங்க மாமா பேர அதுல போடாத." குரலில் கிண்டல் இல்லை. "அது ரயிலு பாட்டு. அத்த மெத்தைல படுக்க வெச்சி இதாண்டா கானான்னு ஊரு உலகத்துக்குக் காட்டுவியா? நாளைக்கி எவனாவது அந்த மிஷின கேட்டா, கானான்னா தூங்கற பாட்டுன்னு சொல்லும்."

அவன் சொன்னது ஒரு வேன் ஓட்டுநரின் உணர்ச்சி மட்டுமல்ல. என் துறையின் பயமும் அதுதான். தொகுப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டால் அடுத்து வருகிறவர்கள் ரயிலில் ஏறிப் பார்க்கப் போவதில்லை, எண்களைத்தான் பார்ப்பார்கள்.

8

மறுநாள் பேராசிரியரைச் சந்தித்தேன் (நெடிலோடுதான்). மெத்தை அறைப் பாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போது சிறுசேரி நாற்காலி கண்ணுக்குள் ஒருமுறை சுழன்று நின்றது.

அவர் கோபப்படவில்லை. "அப்படியென்றால் நிரூபி" என்றார். "பாடுகிறவர் ரயிலின் வேகத்தைப் பின்பற்றுகிறார் என்பது உன் கருத்து. கணினி சக்கரத்தைக் கேட்டு ஏமாறுகிறது என்பது என் சந்தேகம். சக்கரச் சத்தமே இல்லாத ரயிலில் ஒருவர் கானா பாடட்டும். அப்போதும் வேகம் ஏறி இறங்கினால் அது பாடுகிறவரின் வேலை. உன் ரயில் பதிவுகளை அப்படியே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால், மன்னிக்கவும், கடிதம் வேறு ஒருவருக்குப் போகும்."

சக்கரச் சத்தமே இல்லாத ரயில் இங்கே நிறைய இருக்கிறது. இணைப்பே தெரியாத தண்டவாளம், இழைத்த பலகைமேல் போவதுபோலப் போகும். கானா பாடுகிறவர்தான் இல்லை. தாம்பெரே முழுக்கத் தேடினாலும் கானா தெரிந்த ஆள் ஒருவன்தான், அவனும் தட்ட மட்டுமே தெரிந்தவன்.

விடை இன்னதென்று உனக்குத் தெரியுமே, வேண்டுமென்றே வேகத்தை மாற்ற மாட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். பேராசிரியரும் கேட்டார். பதில் சொன்னது மிகா. "இவன் ஆய்வுக்கூடத்தில் முணுமுணுப்பதைத் தினமும் கேட்கிறேன். திட்டமிட்டு வேகத்தை மாற்றுகிற அளவுக்கெல்லாம் இவனுக்குப் பாட வராது." பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். நட்பு என்பது பல வடிவங்களில் வரும்.

டில்லியிடம் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பில் பிரௌசிங் சென்டர்காரர் வந்து எட்டிப் பார்த்தாராம். "நீ பாடப் போறியா? அந்த ஊரு ரயில்வேகாரங்க உனக்கு இன்னா கெடுதல் பண்ணாங்க?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாமா பாட்டையே பாடு மச்சான். ஸ்டேஷன் வந்தா வாய மூடிக்கினு நிக்காத. ஏறுறவன ரெண்டு வார்த்த பேசு. இல்லன்னா அது கானாவே இல்ல" என்றான்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை முக்கியமான பாட்டுப் பரீட்சை என்று. ஞாயிறு ஆராதனையில் சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலேயே சொல்லிவிடுகிறார்களாம். எந்தப் பாட்டு என்று கேட்டார்கள். ஒருவர் கடைசிப் பயணம் போவதைப் பற்றியது என்றேன். "நல்ல ஆவிக்குரிய பாட்டா இருக்கே" என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஆக, சனிக்கிழமை காலை ஹெல்சிங்கி வண்டி. மிகா கருவியோடு வருகிறான், தெரியாத ஆள்போல மூன்று இருக்கை தள்ளி உட்காருவேன் என்ற நிபந்தனையோடு. சுமதி அக்கா நிலாவை அழைத்துக்கொண்டு முதல் ஸ்டேஷன்வரை வருகிறார், நிலாவின் ஆட்டத்துக்கு நான் பொறுப்பில்லை. பரிசோதகர் அதே ஆளாக இருந்தால் இந்த முறை உடம்பைப் பற்றி விசாரிக்காமல் நேராக ஆம்புலன்ஸை அழைப்பார். பின்னல் ஊசி அம்மையார் எதிரில் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்கிறான் டில்லி. 'வாங்கம்மா, உங்களுக்காகத்தான் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறோம்' என்பதை அவர்கள் மொழியில், குறில் நெடில் பிசகாமல், இப்போது மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

லக்கேஜு இல்லை. டிக்கெட் வாங்கியாயிற்று. இறங்கும் ஸ்டேஷன் எது என்பதைத்தான் பாடிப் பார்க்க வேண்டும்.